கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னவர்களுக்கு

கோயம்புத்தூர் கொடிசியா வளாகத்தில் நடந்த தையல், ஊசி வேலைக் கண்காட்சியில் எங்களுக்கு உதவிய எல்லோருக்கும் வணக்கமுங்க.

நாங்கள் இருவரும் பெருந்துறைக்காரர்கள். நான் வீட்டிலேயே மிஷின் போட்டு அக்கம்பக்கத்தாருக்குத் தைத்துக் கொடுக்கிறேன். கூட வந்த சரசு, என் தோழி, இப்போதுதான் ஆரி வேலை, அதாவது முனையில் கொக்கி வைத்த ஊசியால் போடும் பூ வேலை, பழகுகிறாள். கண்காட்சி என்றால் விலையைக் கேட்போம், உதட்டைப் பிதுக்குவோம், அடுத்த கடைக்கு நகர்வோம். அன்றைக்கு அப்படி நகரவிடாமல் பிடித்து உட்கார வைத்தவர்கள் சிலர். யாருடைய பெயரும் எங்களுக்குத் தெரியாது. அடையாளம் சொல்கிறேன், உங்களுக்கே புரியும்.

முதலில் ஈரோட்டிலிருந்து வந்த பஸ்ஸின் கண்டக்டர். நாங்கள் இறங்க வேண்டிய இடத்தில் அந்த வண்டி நிற்காதாம். "முட்டி வலிங்க, ரொம்ப நடக்க முடியாதுங்க" என்று சரசு சொன்னதும் டிரைவரிடம் பேசி, வளாகத்துக்குப் பக்கமாகவே நிறுத்திக் கொடுத்தார். அவருக்கு நன்றி. வாசலில் தன் நாற்காலியை எடுத்துப் போட்டு சரசுவை உட்கார வைத்த செக்யூரிட்டி அண்ணனுக்கும் நன்றி.

அப்புறம், திருப்பூரிலிருந்து கடை போட்டிருந்த ஊசிக்காரப் பெரியவர். இவரைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்ல வேண்டும்.

திருப்பூர் பக்கத்தில் இருந்துகொண்டு பனியன் துணி தைக்காமல் முடியுமா? கட்பீஸ் எடைக்குக் கிடைக்கிறது, பிள்ளைகளுக்கு நைட் டிரஸ் கேட்கிறார்கள். ஆனால் என் மிஷினில் பனியன் துணியை வைத்தால் நாலு தையல் விழும், ஐந்தாவது தாண்டிவிடும். தைத்ததும் துவைத்தால் தையல் ஓரத்தில் பொடிப்பொடியாக ஓட்டை. மிஷின் பழசு, ஊசியும் அடியில் சுற்றும் கொக்கியும் சேர்கிற டைமிங் போய்விட்டது, மாற்றிவிடுங்கள் என்றுதான் எங்கள் பக்கத்து மெக்கானிக் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். பையில் வைத்திருந்த துண்டுத் துணியைப் பெரியவரிடம் காட்டினேன். அவர் டைமிங்கைப் பற்றிக் கேட்கவே இல்லை. மேசையிலிருந்த சின்ன லென்ஸைத் தையல்மேல் வைத்து, "பாருங்க அம்மிணி" என்றார்.

பார்த்தால், பனியன் துணி என்பது முழுக்க வளையம் வளையமாகக் கோத்த ஒற்றை நூல். என் ஊசி இறங்கிய இடத்தில் ஒரு வளையம் அறுந்து, இரண்டு முனையும் விரிந்து நிற்கிறது. அறுந்த வளையம் துவைக்கத் துவைக்கக் கீழே ஓடும். அதுதான் ஓட்டை. நெய்த துணிக்கான கூர் ஊசி வளையத்தைக் குத்தி அறுக்கும். பால் பாயிண்ட் ஊசிக்கு முனை லேசாக உருண்டிருப்பதால் வளையத்தை ஒதுக்கிவிட்டு நடுவில் இறங்கும். தையல் தாண்டுவதற்கும் அதிலேயே விளக்கம் சொன்னார். ஊசி அடிவரை போய்க் கொஞ்சம் மேலே ஏறும்போதுதான் அதன் காதருகே நூல் ஒரு கண்ணியாக விரியும். கீழே சுற்றும் கொக்கி அதைப் பிடிக்க வேண்டும். இழுபடும் துணி ஊசியோடு சேர்ந்து மேலே வந்துவிட்டால் கண்ணி விரியாது, கொக்கி வெறுமனே சுற்றிப் போகும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஊசி விற்றிருந்தால் வியாபாரம் என்று விட்டிருப்பேன். அவர் விற்கவில்லை! அவரிடம் இருந்ததெல்லாம் கம்பெனிகளில் ஓடுகிற பவர் மிஷினுக்கான ஊசி, மிஷினில் மாட்டுகிற தடித்த பகுதி உருண்டை. வீட்டு மிஷினுக்கு ஒரு பக்கம் தட்டையாக இருக்க வேண்டும். "என்ர கடையில உங்களுக்கு ஆவறது இல்லீங்க, அந்தக் கடைசி வரிசையில கேளுங்க, பதினொண்ணாம் நம்பர் பால் பாயிண்ட்டுன்னு சொல்லுங்க" என்று கையைக் காட்டிவிட்டார். அதையே வாங்கினேன். வீட்டுக்கு வந்து அதே மிஷினில், அதே துணியில் தைத்தேன். ஒன்றுகூடத் தாண்டவில்லை. ஐயா, ஒரு புது மிஷின் காசை மிச்சம் பிடித்துக் கொடுத்திருக்கிறீர்கள்.

ஆரிக் கடையில் சட்டம் போட்டு உட்கார்ந்திருந்த தங்கைக்கு சரசு நன்றி சொல்லச் சொன்னாள். ஊசியை மேலே இழுக்கும்போதெல்லாம் கொக்கி துணியில் மாட்டிக்கொள்வதுதான் அவளுடைய தலைவலி. வரிசையில் நாலு பேர் நிற்கும்போதே தங்கை எழுந்து இவளுக்கு இடம் கொடுத்தது. ஊசியைப் பிடிக்கிற கட்டையில் ஒரு சின்ன திருகு இருக்கிறதே, அதுவும் கொக்கியும் ஒரே பக்கம் பார்க்கும்படி முடுக்கிவிட்டால், கொக்கி எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை விரலே சொல்லிவிடுமாம். அடியில் இடக்கை கொடுக்கிற நூலை மாட்டியதும் ஊசியைத் திருப்பி மேலே எடுத்தால் வழுக்கிக்கொண்டு வருகிறது. காசு கட்டிப் படித்த வகுப்பில் இதை யாரும் சொல்லித் தரவில்லை என்று சரசுவுக்கு இன்னும் ஆத்திரம்.

நீலகிரியிலிருந்து வந்திருந்த தோடர் அம்மா இருவருக்கும் பெரிய நன்றி. தோடர் எம்பிராய்டரிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது தெரியும், ஆனால் போடுவதைக் கிட்ட இருந்து பார்த்ததில்லை. வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்பும். பென்சில் கோடு கிடையாது, அச்சு கிடையாது. துணியின் இழையை எண்ணி எண்ணியே ஊசி போகிறது. நான் வழவழப்பான பக்கத்தை மேல்பக்கம் என்று தடவிக்கொண்டிருந்தேன். பெரிய அம்மா சிரித்துவிட்டுத் துணியைத் திருப்பி வைத்தார். நூல் புடைத்துச் சொரசொரவென்று இருக்கிறதே, அவர்களுக்கு அதுதான் மேல்பக்கம். சால்வை வாங்குகிற வசதி எங்களுக்கு இல்லை என்பது பார்த்த உடனே தெரிந்திருக்கும். இருந்தாலும் நேரம் பார்க்காமல் சொல்லிக் கொடுத்தார்கள். பேரம் பேச மட்டும் தோன்றவில்லை, அந்த வேலையைப் பார்த்த பிறகு யாருக்கும் தோன்றக் கூடாது.

"வாங்கறதா இருந்தாத் தொடுங்க" என்று சொன்ன லேஸ் கடைக்காரரும் இருந்தார். அவருக்கும் வியாபாரம் நடக்கட்டும்.

கடைசியாக, திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் வந்த கல்லூரிப் பிள்ளை. எங்களிடம் இருந்தது ஒற்றை ஐந்நூறு ரூபாய்த் தாள், டிரைவரிடம் சில்லறை இல்லை. நீதான் கண்ணு போனை நீட்டி மூன்று பேருக்கும் சேர்த்துக் கட்டினாய், மாற்றி வந்து கொடுப்பதற்குள் பஸ் ஏறிவிட்டாய். பெருந்துறைப் பக்கம் வந்தால் பஸ் ஸ்டாண்டில் தையல்கார அக்கா வீடு என்று கேள். பிளவுஸ் நான் தைத்துத் தருகிறேன், கைக்கு ஆரி வேலை சரசு போடுவாள். அளவு பிளவுஸ் ஒன்றை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டு வந்துவிடு.