ஓணத்துக்கு முன்னால் அப்பாவுக்கு ஒரு கடிதம்

ராட்டர்டாம், நெதர்லாந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அங்கே அம்மா, ஆச்சி, தம்பி எல்லாரும் நலந்தானே? இங்கே குளிர் விட்டாச்சு. காற்றுதான் ஆரல்வாய்மொழிக் காற்று மாதிரி ஓயாமல் அடிக்கிறது. சோறும் மீன்குழம்பும் நானே வைத்துக்கொள்கிறேன், அம்மா கவலைப்பட வேண்டாம். 1741-ல் குளச்சலில் திருவிதாங்கூரிடம் தோற்றுப்போன டச்சுக்காரர்கள் கதை, என்னோடு படிக்கிறவர்கள் யாருக்கும் தெரியவில்லை. நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.

"சரக்கு ஏத்தி இறக்குறதைப் படிக்கக் கடல் தாண்டிப் போகணுமா மக்களே?" என்று கேட்டீர்களே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

வகுப்பிலிருந்து ஆல்ஸ்மீர் பூ ஏலத்துக்குக் கூட்டிப்போனார்கள். நம்ம தோவாளைப் பூச்சந்தையில் பேரம் பேசப் பேச விலை ஏறும். அங்கே மேலிருந்து இறங்குகிறது. திரையில் ஒரு கடிகாரம், அதில் விலை குறைந்துகொண்டே வரும். முதலில் பட்டனை அழுத்துகிறவருக்குச் சரக்கு. வியாபாரிகளில் பெரும்பாலோர் அங்கே வருவதே இல்லை, தங்கள் இடத்தில் இருந்தபடியே கம்ப்யூட்டரில் வாங்குகிறார்கள். கென்யா ரோஜாவைத் தொட்டுப் பார்க்காமல் எப்படி வாங்குகிறார்கள் என்றால், எந்தத் தோட்டம், தண்டு எத்தனை சென்டிமீட்டர், என்ன தரம், எத்தனை பூ என்ற விவரமெல்லாம் பூவோடு சேர்ந்தே வருகிறது. அந்த விவரத்தை நம்பிப் பணம் போடுகிறார்கள். தகவல் முறைமை என்று நான் படிப்பது இதைத்தான்.

இன்னொன்று, பீர் கேம். அம்மாவிடம் பெயரைச் சொல்ல வேண்டாம்! 1960 வாக்கில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய விளையாட்டு. சில்லறைக் கடை, மொத்தக் கடை, விநியோகஸ்தர், ஆலை என்று நான்கு பேர். ஒருவரோடொருவர் பேசக் கூடாது. ஆர்டர் சீட்டை மடித்து மட்டும் கொடுக்கலாம், சரக்கு சில வாரம் கழித்துத்தான் வரும். வாடிக்கையாளர் முதலில் வாரம் 4 பெட்டி கேட்கிறார், பிறகு 8 பெட்டி, கடைசி வரை அதே 8. ஆனால் கடைக்காரர் பதறிக் கொஞ்சம் கூட்டிக் கேட்க, அடுத்தவர் இன்னும் கூட்ட, ஆலைக்குப் போய்ச் சேரும்போது ஆர்டர் பல மடங்கு. அப்புறம் சரக்கு குவிந்து, ஆர்டரே நின்றுபோகிறது. யாரும் பொய் சொல்லவில்லை அப்பா. கடைசியில் விற்றது எவ்வளவு என்று மேலே இருப்பவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். இதற்குப் புல்விப் எஃபெக்ட், அதாவது சாட்டை விளைவு என்று பெயர். லீ, பத்மநாபன், வாங் என்ற மூன்று பேர் 1997-ல் இதன் காரணங்களைப் பிரித்து எழுதினார்கள். அதில் ஒன்று, தட்டுப்பாடு வரும் என்று தெரிந்தால் பாதியாவது கிடைக்கட்டும் என்று இரண்டு மடங்கு கேட்பது.

வாசித்ததும் நம்ம ஓணம்தான் நினைவு வந்தது. ஓணப் பூக்கோலம் தொடங்கும் அத்தம் பிறக்கும் முன்பே கேரளக்காரர்கள் கிரேந்திப் பூவும் வாடாமல்லியும் கூட்டிக் கூட்டிச் சொல்வார்கள். நீங்கள் ஓசூருக்கும் திண்டுக்கல்லுக்கும் அதற்கும் மேலே சொல்வீர்கள். திருவோணத்தன்று மதியத்துக்குள் விலை விழும், மிஞ்சிய மூட்டைகள் குப்பைக்குப் போகும். பூ ரேஷன் அரிசி இல்லையே, வைத்து விற்க. அந்த நஷ்டத்தை விதி என்றே நாம் நினைத்துவந்தோம். அது விதி இல்லை, வந்து சேராத ஒரு கணக்கு.

அதனால் இந்த ஓணத்துக்கு ஒன்று செய்யுங்கள். திருவனந்தபுரம் சாலைச் சந்தையில் நம்மிடம் வாடிக்கையாக வாங்குகிறவர்களிடம், "நாளைக்கு எவ்வளவு வேணும்?" என்பதோடு "இன்னைக்கு எவ்வளவு வித்தது, எவ்வளவு மிச்சம்?" என்றும் தினம் ராத்திரி வாட்ஸ்அப்பில் கேளுங்கள். சொல்கிறவர்களுக்குச் சரக்கில் முதல் உரிமை என்று சொல்லிவிடுங்கள், உண்மையைச் சொல்வார்கள். தம்பி நோட்டில் எழுதட்டும்: கேட்டது ஒரு பக்கம், விற்றது ஒரு பக்கம். ஓணம் முடிந்ததும் எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஆய்வறிக்கைக்கு இதையே எடுத்துக்கொள்ளலாமா என்று பேராசிரியரிடம் கேட்டிருக்கிறேன். கடை பெயர் எதையும் வெளியே சொல்ல மாட்டேன்.

அன்பு மகள்