பிச்சாவரத்துல ஸ்பீக்கர் எதுக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். நான் கடலூர் தேவனாம்பட்டினத்துக்காரன், ரிட்டயர்டு ஆளு. போன வருஷம் பொண்ணு வீட்டுக்கு அமெரிக்கா போனப்ப மாப்பிள்ளை அலாஸ்காவுக்கு ஒரு சின்ன கப்பல்ல கூட்டிட்டு போனாரு, மொத்தமே ஒரு எழுபது பேரு தான் இருப்போம், ஆட்டம் பாட்டம் கிடையாது, நீச்சல் குளம் கிடையாது, இதுக்கா இவ்ளோ காசுன்னு முதல் நாள் எனக்கு வயித்தெரிச்சல்.

ரெண்டாம் நாள் காலைல கேப்டன் திடீர்னு கப்பலை நிறுத்திட்டாரு. தண்ணில வட்டமா குமிழி கிளம்புது. கீழ திமிங்கலங்க சுத்தி வந்து காத்தை விட்டு மீன் கூட்டத்தை வளைக்குதுன்னு கைடு பொண்ணு சொல்லி முடிக்கல, ஏழெட்டு திமிங்கலம் வாயைப் பொளந்துகிட்டு ஒண்ணா மேல வந்துச்சு பாருங்க, "அடப்பாவி, சுருக்குமடி போடுதுடா"ன்னு கத்திட்டேன். நம்மூர்ல மீன் கூட்டத்தையே வளைச்சு அள்ளுற அந்த வலைக்கு 2000-லயே தடை, சண்டை இன்னும் ஓயல, அதுங்ககிட்ட போய் யாரு கேக்குறது. அதுங்க கிட்ட 100 கஜத்துக்குள்ள கப்பல் போகக்கூடாதுன்னு அங்க சட்டமே இருக்கு. கிளேசியர் பே-ன்னு பனியாறு கடல்ல வந்து விழுற இடம் ஒண்ணு, அதுக்குள்ள பெரிய உல்லாசக் கப்பல் நாளைக்கு ரெண்டுக்கு மேல விட மாட்டாங்களாம்.

இப்ப விஷயத்துக்கு வரேன். பொங்கல் லீவுல பேரப்பசங்களோட பிச்சாவரம் போனோம். வெள்ளாத்துக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவுல அப்படி ஒரு அலையாத்திக் காடு, 2022-ல உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியல்ல வேற சேத்தாச்சு. முன்னாடி போன மோட்டார் படகுல ஒரு கோஷ்டி ஸ்பீக்கர்ல குத்துப்பாட்டு போட்டு அலற விடுது, இருந்த கொக்கு நாரை எல்லாம் காலி. எங்க துடுப்பு படகு சின்ன வாய்க்காலுக்குள்ள திரும்புனதும் தான் காதுக்கு நிம்மதி. அங்க ஒரு இருளர் அம்மா, கழுத்தளவு தண்ணி, மீன் போடுற பறிக்கூடையை பல்லுல கடிச்சுகிட்டு ரெண்டு கையாலயும் சேத்துல தடவி எறா புடிக்குது, எங்களைத் திரும்பிக்கூட பாக்கல. பேரன் ஒரு கிளையைத் தொடப் போனான், படகுக்காரர் பதறிட்டாரு, "தம்பி அது தில்லை, பால் கண்ணுல பட்டா பார்வையே போயிடும்". சிதம்பரத்துக்கு தில்லைன்னு பேர் வந்ததே அந்த மரத்தால தான், இத்தனை வருஷம் கோயிலுக்குப் போறேன், மரத்தை அன்னைக்கு தான் பாத்தேன்! சுனாமி அன்னைக்கு இந்தக் காட்டுக்குப் பின்னாடி இருந்த ஊருங்க எப்படி தப்பிச்சுதுன்னும் சொன்னாரு, 2004-ல எங்க ஊர் பட்ட பாட்டை நேர்ல பாத்தவன் நான், தொண்டை அடைச்சிடுச்சு. அதுக்குள்ள டைம் முடிஞ்சுதுன்னு திருப்பிட்டாரு.

இதெல்லாம் எல்லாருக்கும் சொல்லலாமேன்னேன். "யாரு சார் கேக்குறாங்க, ஷூட்டிங் எந்த எடத்துல எடுத்தாங்கன்னு தான் கேக்குறாங்க."

அதிகாரிங்க இதை படிச்சா ஒண்ணு செய்ங்க. விடிகாலைல துடுப்பு படகு மட்டும், படகுக்கு நாலு பேரு, மூணு மணி நேரம், ஸ்பீக்கருக்கு தடை, படகுக்காரருக்கு கைடு கூலியும் சேத்து டிக்கெட் போடுங்க. பக்கத்துல பரங்கிப்பேட்டைல அண்ணாமலை பல்கலைக்கழக கடல் உயிரியல் மையம் இருக்கு, அங்க படிக்கிற பசங்கள்ல ரெண்டு பேரைக் கூட உக்கார வைங்க. காசு கூட ஆனாலும் நான் வரேன்.

இப்படிக்கு,
வாசகர், தேவனாம்பட்டினம், கடலூர்.