லேப் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது, மேடம்?

மதிப்பிற்குரிய இதழியல் துறைத் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் மாணவர் செய்திப் பக்கத்தில் போன மாதம் வந்த பேருந்து வீடியோ விவகாரம் உங்களுக்குத் தெரியும். மன்னிப்புக் கடிதத்தில் நான்கு பேரும் கையெழுத்துப் போட்டாயிற்று. தவறு எங்களுடையதுதான், அதை மறுக்க இதை எழுதவில்லை.

ஆனால் அன்றிரவு ஸ்ரீராமபுரத்தில் எங்கள் வீட்டில் நடந்தது அந்தக் கடிதத்தில் இல்லை. 2016 செப்டம்பர் 12 அன்று, காவிரிப் பிரச்சினையில் இதே பெங்களூரில் தமிழ்நாட்டுப் பேருந்துகள் எரிந்தபோது எடுத்த வீடியோ அது. 'இன்று மாலை' என்று தலைப்பு வைத்து நான்தான் ஏற்றினேன். அரை மணி நேரத்தில் அது எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவுக்கே வந்துவிட்டது. ஓசூரிலிருந்து டிஎன் நம்பர் வண்டியில் வந்துகொண்டிருந்த மாமாவுக்கு அம்மா போன் போட்டு, அத்திப்பள்ளியிலேயே நின்றுவிடச் சொன்னார். விடியும்வரை மாமா ஒரு பெட்ரோல் பங்கில் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். போட்டது நான்தான் என்று அம்மாவிடம் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

வீடியோவிலிருந்து நான்கைந்து காட்சிகளைப் படமாகப் பிரித்து கூகுள் லென்ஸில் தேடினால் பழைய செய்திப் படங்கள் வந்து நின்றிருக்கும். பிறகு தேடிப் பார்த்தேன், பத்து நிமிட வேலை. அந்த வீடியோவின் கீழே 'ஹளே வீடியோ' (கன்னடத்தில் 'பழைய வீடியோ') என்று ஒருவர் எழுதியிருந்ததைக்கூட அவசரத்தில் நாங்கள் படிக்கவில்லை.

இதெல்லாம் பாடத்தில் இல்லையா என்றால், இருக்கிறது. வீடியோக்களைச் சரிபார்க்க உதவும் மென்பொருள் ஒன்றைப் பற்றி, 'இன்விட் கருவியின் பயன் யாது?' என்று போன செமஸ்டரில் கேள்வியே வந்தது. ஐந்துக்கு ஐந்து வாங்கினேன். அந்தக் கருவியை இன்றுவரை நான் திறந்து பார்த்ததில்லை. லேப் கம்ப்யூட்டரில் எதை இன்ஸ்டால் செய்யவும் அட்மின் பாஸ்வேர்டு வேண்டும். அது சிஸ்டம் பார்க்கும் அண்ணனிடம் இருக்கிறது. அவர் வருவது செவ்வாயும் வெள்ளியும். எங்களுக்கு லேப் திங்கள்கிழமை.

நாங்கள் கேட்பது வாரத்துக்கு இரண்டு மணி நேரம், பாஸ்வேர்டோடு.

ரீல்ஸ் எடுப்பது எப்படி என்று கருத்தரங்கு நடத்த நேரம் இருந்தது. பாட்காஸ்ட் அறைக்கு ரிப்பன் வெட்டினோம். மைக் இன்னும் வரவில்லை, போட்டோ மட்டும் விளம்பரத் தாளில் வந்துவிட்டது. 2012 ஆகஸ்டில் வதந்தி எஸ்எம்எஸ்களை நம்பி வடகிழக்கு மாநிலத்தவர் ஆயிரக்கணக்கில் ரயிலேறி வெளியேறியது இந்த ஊரிலிருந்துதான். மொத்தமாக எஸ்எம்எஸ் அனுப்புவதற்கே அப்போது அரசு கட்டுப்பாடு போட்டது. அது நடந்த ஊரில் செய்தியைச் சரிபார்ப்பது ஐந்து மார்க் கேள்வியாம்!

சரி, மன்னிக்க வேண்டும், பேச்சு எங்கேயோ போய்விட்டது.

தயவுசெய்து அந்த இரண்டு மணி நேரத்தை ஒதுக்கித் தாருங்கள், மேடம். செய்தி நிறுவனத்தின் டெஸ்க்கில் வேலை பார்க்கும் ஒருவர் மாதம் ஒருமுறை வந்து, அன்றைக்குச் சுற்றும் ஒரு ஃபார்வர்டை எங்களோடு சேர்ந்து பிரித்துப் பார்த்தால் இன்னும் நல்லது. அதுவரை, அண்ணன் வரும் கிழமைக்கு எங்கள் லேபை மாற்றினாலே போதும்.

வரும் செவ்வாய்க்கே மாற்ற முடியுமா?

பணிவுடன்,
மூன்றாம் செமஸ்டர் இதழியல் மாணவி ஒருத்தி