வட்டு தானாக இணைய ஒரு வரி

அன்புள்ள செல்வம்,

அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் பெரிய நிம்மதி. இங்கே மழை இன்னும் விட்டபாடில்லை. சின்னவள் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள். வீடு வெறிச்சென்று இருக்கிறது.

நீ கேட்டது அப்பாவின் நாகஸ்வர ஒலிநாடாக்களிலிருந்து கணினியில் ஏற்றிய பதிவுகளைப் பற்றியது என்பதால் விரிவாகவே எழுதுகிறேன். மின்சாரம் போய் வந்து கணினி தானாகத் தொடங்கும் நாட்களில், இரவு நகலெடுப்பு வெளி ஹார்ட் டிஸ்கைக் காணாமல் நின்றுவிடுகிறது என்கிறாய். உபுண்டு இயங்குதளத்தில் யுஎஸ்பி வட்டை மீடியா கோப்புறைக்குள் இணைத்துக் கொடுப்பது டெஸ்க்டாப்தான். யாராவது உள்நுழைந்த பிறகே அது அந்த வேலையைச் செய்யும். கணினி தொடங்கும்போதே வட்டு இணைய வேண்டுமானால், இடிசி கோப்புறையில் உள்ள எஃப்எஸ்டேப் (இணைக்க வேண்டிய வட்டுகளின் பட்டியல்) கோப்பில் ஒரு வரி எழுத வேண்டும்.

எந்த வட்டு, எந்தக் கோப்புறையில், என்ன கோப்பு முறைமை (வட்டில் கோப்புகளை அடுக்கிவைக்கும் விதம்), என்னென்ன விருப்பங்கள், கடைசியில் இரண்டு எண்கள்: வரி அவ்வளவுதான். வட்டை எஸ்டிபி1 என்ற பெயரால் குறிக்காதே. வட்டுகள் கண்டறியப்படும் வரிசையில் வைக்கப்படும் பெயர் அது. நாளை ஒரு பென்டிரைவ் செருகியிருந்தாலே மாறிவிடலாம். எல்எஸ்பிஎல்கே கட்டளையை எஃப் என்ற தெரிவோடு கொடுத்தால் வட்டின் தனி அடையாளமான யூயூஐடி தெரியும். அதைப் போடு. உன் வட்டின் கோப்பு முறைமை எக்ஸ்ஃபேட் என்பதால் அந்த அடையாளத்தில் நடுவில் ஒரு கோடுடன் 8 இலக்கங்கள்தான் இருக்கும். வட்டை மறுபடி ஃபார்மட் செய்தால் அதுவும் மாறும், நினைவில் கொள். எக்ஸ்ஃபேட்டுக்குக் கோப்பின் உரிமையாளர் யார் என்று பதிந்துவைக்கும் வசதி கிடையாது. எனவே விருப்பங்களில் யூஐடி (பயனர் எண்), ஜிஐடி (குழு எண்) இரண்டையும் 1000 என்று கொடு. உபுண்டுவில் முதல் பயனருக்கு வழக்கமாக அமையும் எண் அது. கடைசி இரண்டு எண்களும் 0.

விருப்பங்களில் நோஃபெயில் (வட்டு இல்லாவிட்டாலும் தொடங்கு என்பது) கட்டாயம் இருக்க வேண்டும். அது இல்லாமல், வட்டு செருகப்படாத நாளில் கணினியைத் தொடங்கினால், கணினியைத் தொடக்கிவைக்கும் சிஸ்டம்டி நிரல் 90 விநாடிகள் காத்திருந்துவிட்டு அவசரநிலைத் திரையில் போய் நின்றுவிடும். நீ ஊரில் இல்லாத நேரத்தில் அம்மா அந்தக் கறுப்புத் திரையை வைத்துக்கொண்டு என்ன செய்வார்?

எழுதி முடித்ததும் உடனே மறுதொடக்கம் செய்யாதே. ஃபைண்ட்மவுண்ட் கட்டளையை வெரிஃபை தெரிவோடு ஓட்டினால் வரியில் பிழை இருந்தால் சொல்லிவிடும். பிறகு சிஸ்டம்டியை அந்தக் கோப்பை மறுபடி படிக்கச் சொல்லி, மவுண்ட் கட்டளையை ஏ தெரிவோடு கொடு. வட்டு இணைந்தால் சரி.

எனக்கு உண்மையில் கவலை தருவது இனிமேல் சொல்வதுதான். வட்டு இல்லாவிட்டாலும் அது இணைய வேண்டிய கோப்புறை அங்கேயே காலியாக இருக்கும். நகலெடுக்கும் நிரல் வித்தியாசம் தெரியாமல் அதற்குள் எழுதும்; எல்லாம் உள் வட்டிலேயே குவியும். வெளியில் ஒரு பிரதி இருக்கிறது என்று நீ நம்பிக்கொண்டிருப்பாய். மறுநாள் வட்டு இணைந்ததும் அந்தக் கோப்புகள் அதன் அடியில் மறைந்துவிடும், இடம் மட்டும் போய்க்கொண்டே இருக்கும். ஆகவே வட்டு இணையாத நிலையில் அந்தக் காலிக் கோப்புறைக்கு சிஏட்டர் கட்டளையால் ஐ (மாற்றக்கூடாது என்ற) அடையாளம் போட்டுவிடு. அதன்பின் எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனரால்கூட அதற்குள் எழுத முடியாது. வட்டு வழக்கம்போல அதன்மேல் இணையும். நகலெடுக்கும் நிரலின் தொடக்கத்திலும் மவுண்ட்பாயிண்ட் கட்டளையால் சோதித்து, இணையவில்லை என்றால் நின்றுவிடச் செய்.

நாடாக்களைப் பரணில் வைத்திருந்தால் இறக்கிவிடு, வெப்பம் அவற்றுக்கு ஆகாது. பொங்கலுக்கு வரும்போது இன்னொரு வட்டு வாங்கி வருகிறேன். அதில் ஒரு பிரதி எடுத்துத் தங்கை வீட்டில் வைப்போம். அதற்குள் நீ எழுதிய வரியை எனக்கு அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
ரகு