சுரமானிக் கம்பியும் சூரியனும்

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. முழங்காலுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்க அலைந்ததில் பதில் தள்ளிப்போய்விட்டது. தேய்மானம்தானாம், இப்போதைக்கு அறுவை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கிணறு இருக்கிற வீட்டுக்கு மாறியிருக்கிறாய் என்று படித்ததும் உடனே கிளம்பி வரவேண்டும் போலிருந்தது. கால் கொஞ்சம் தேறட்டும்.

உன் பேத்தி கேட்ட கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. சூரியனை ஆராய நாம் அனுப்பிய ஆதித்யா எல்1 விண்கலத்தைப் பற்றிப் பள்ளியில் பேசப்போகிறவள் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறாள். அடுப்பை விட்டு விலகினால் சூடு குறையத்தானே வேண்டும்? சூரியனின் மேற்பரப்பு ஏறக்குறைய 5,500 டிகிரி. அதற்கு மேலே சூரியனைச் சூழ்ந்திருக்கும் வெளி மண்டலமான கரோனா மட்டும் எப்படிப் பத்து லட்சம் டிகிரிக்கு மேல் கொதிக்கிறது? இதற்கு முழுப் பதில் இன்னும் யாரிடமும் இல்லை என்று அவளிடம் தைரியமாகச் சொல். ஆனால் சூட்டை மேலே சுமந்து போவதாகச் சந்தேகிக்கப்படுகிறவர்களில் ஒருவரை, அதாவது காந்தக் கோடுகளில் ஓடும் அலையை, இழுத்துக் கட்டிய கம்பியின் அதிர்வை அளக்கும் நம் ஊர்ச் சுரமானியை (சோனோமீட்டர்) வைத்தே அறிமுகப்படுத்திவிடலாம்.

ஞாபகம் இருக்கிறதா, இரண்டாம் வருஷ ஆய்வகத்தில் நீயும் நானும் ஒரே மேசை. எடைகளைத் தொங்கவிட்டு, கம்பியின் மேல் காகிதத் துண்டை வைத்து, இசைக்கவையைத் தட்டிப் பெட்டியில் ஊன்றுவோம். சரியான நீளம் வந்ததும் காகிதம் துள்ளி விழும். கம்பியில் அலையின் வேகம் எவ்வளவு? இழுவிசையை ஓரலகு நீளத்தின் நிறையால் வகுத்து வர்க்கமூலம் எடுக்கவேண்டும். 1942இல் ஸ்வீடனின் ஹானஸ் ஆல்வேன் கண்டது இதே கம்பியைத்தான். மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் திரவம் அசைந்தால் அதற்குள் ஓடும் காந்தக் கோடுகளும் கூடவே இழுபடும். வளைந்த கோடு நிமிரப் பார்க்கும். திரவம் தன் கனத்தால் பின்தங்கும். இழுவிசையும் இருக்கிறது, நிறையும் இருக்கிறது, அப்புறம் அலைக்கு என்ன குறை? காந்தப்புலம் கூடக்கூட வேகம் கூடும், அடர்த்தி கூடினால் குறையும். நல்ல கடத்திக்குள் மின்காந்த அலை நுழைந்த மாத்திரத்தில் செத்துவிடும் என்றுதான் நாம் படித்தோம். ஆல்வேன் சொன்னதைப் பலர் முதலில் ஏற்காததில் வியப்பில்லை. 1970இல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

இதைக் கையால் தொட்டுப் பார்க்க ஆசைப்பட்டவர்களின் கதைதான் எனக்கு மிகப் பிடித்தது. 1949இல் ஸ்டாக்ஹோமில் லண்ட்குவிஸ்ட் ஒரு பாத்திரத்தில் பாதரசத்தை நிரப்பி, காந்தப்புலத்தில் வைத்து, அடியில் ஒரு வட்டை இப்படியும் அப்படியுமாகத் திருகி ஆட்டினார். மேலே மிதந்த சிறு கண்ணாடியிலிருந்து தெறிக்கும் ஒளியைப் பார்த்து, அடியில் கொடுத்த ஆட்டம் மேலே வருகிறதா என்று கவனித்தார். வந்தது, ஆனால் நலிந்து போய். பாதரசம் கனமானது, கடத்துவதிலும் சுமார்தான். அலை பாதி வழியிலேயே மங்கிவிடும். 1954இல் லேனெர்ட் உருக்கிய சோடியத்துக்கு மாறினார். பாதரசத்தைப் போலப் பத்து மடங்கு நன்றாகக் கடத்தும், எடையோ பதினான்கில் ஒரு பங்குதான். அலை இன்னும் தெளிவாகக் கிடைத்தது.

ஆனாலும் ஒரு குறை இருந்தது. கரோனாவில் காந்த அலை ஒலியை முந்திக்கொண்டு ஓடுகிறது. அதற்குக் கீழே இரண்டு வேகமும் சமமாகும் ஓர் அடுக்கு இருக்கிறது. அங்கேதான் ஓர் அலை இன்னொன்றாக உருமாறும் என்கிறார்கள். ஆய்வகத்து உலோகத்திலோ ஒலிதான் எப்போதும் வெகுதூரம் முன்னால். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: சோடியத்தில் இரண்டும் சமமாக 86 டெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) வேண்டும். என் முழங்காலைப் படமெடுத்த இயந்திரம் வெறும் 1.5 டெஸ்லா, அதற்கே சாவியையும் வளையலையும் கழற்றி வைக்கச் சொன்னார்கள்!

ஜெர்மனியின் டிரெஸ்டனில் ருபிடியம் என்ற உலோகத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒலி அதில் மெதுவாகப் போகும் என்பதால் 54 டெஸ்லா போதும். கடுங்காய்ச்சல் உடம்புச் சூட்டில், 39 டிகிரியில் உருகிவிடும். ஆனால் காற்றுப் பட்டாலே பற்றிக்கொள்ளும், தண்ணீர் பட்டால் வெடிக்கும். அதை ஒரு சின்ன எஃகுக் கலனில் அடைத்து, கண்ணிமைக்கும் நேரமே நிற்கும் 63 டெஸ்லா காந்தத் துடிப்புக்குள் வைத்தார்கள். அந்தச் சில நொடித்துளிக்குள் அளந்து முடிக்கவேண்டும். அடியில் வினாடிக்கு 8,000 முறை மாறும் மின்னோட்டம் கொடுத்தார்கள். 54 டெஸ்லாவைத் தாண்டியதும் திடீரென்று 4,000 அதிர்வும் தலைகாட்டியது. வீணை வாசிக்கிற உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை: மத்திய ஸ்தாயி ஷட்ஜத்தை மீட்டினால் மந்திர ஸ்தாயி ஷட்ஜமும் சேர்ந்து எழுந்த மாதிரி. கோட்பாடு முன்பே சொல்லியிருந்தது இதைத்தான். 2021இல் இந்த முடிவு வெளியானது. படித்த அன்று ஆய்வகத்தில் காகிதத் துண்டு துள்ளியபோது வந்த அதே சந்தோஷம் வந்தது, கோமதி. இதனால் கரோனாவின் புதிர் அவிழ்ந்துவிடவில்லை. ஆனால் சூரியனில் மட்டுமே நடப்பதாக நினைத்த ஒன்றை ஒரு சின்னக் கலனுக்குள் கேட்டுவிட்டார்கள்.

பேத்திக்கு இவ்வளவும் வேண்டாம். உன் தம்புராவை எடுத்து, நடுவில் உள்ள இரண்டு தந்திகளையும் ஒரே சுருதியில் சேர்த்து, ஒன்றின் மேல் சின்னக் காகிதத் துண்டை மடித்து வைத்து, மற்றதை மீட்டிக் காட்டு. காகிதம் ஆடும்போது அவள் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு எழுது.

அன்புடன்,
உன் வசந்தா