மறதி நோய் பார்க்கும் டாக்டர்களுக்கு: கூட வருகிறவரிடமும் தனியாகப் பேசுங்கள்

மதிப்பிற்குரிய டாக்டர்களுக்கு வணக்கம்.

கேட்க வந்தது ஒன்றுதான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிமென்ஷியா வந்த கணவரையோ மனைவியையோ உங்களிடம் கூட்டிக்கொண்டு வருகிறோமே, எங்களிடம், அவர்கள் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து, ஒரு ஐந்து நிமிடம் தனியாகப் பேசுங்கள். ஒவ்வொரு முறையும். நாங்கள் கேட்காவிட்டாலும்.

உங்கள் அறையில் நடப்பது இதுதான். சட்டை மாற்றிவிடப் போனால் கையை ஓங்குகிறவர், உங்களைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து சிரித்து, "நல்லா இருக்கேன் டாக்டர், ஒரு குறையும் இல்லை" என்பார். நடிப்பு இல்லை அது. பழைய பழக்கத்தில் வருகிற மரியாதை, கொஞ்ச நேரத்துக்கு அவரால் அப்படி இருக்க முடிகிறது. நீங்கள் என் பக்கம் திரும்பி "வீட்ல எப்படி இருக்கார்?" என்று கேட்கிறீர்கள். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். இவர் படுக்கையிலேயே சிறுநீர் போய்விடுகிறார், பணத்தைத் திருடிவிட்டேன் என்று என்னைத் திட்டுகிறார், ராத்திரி கதவைத் திறந்துகொண்டு வெளியே போகப் பார்க்கிறார் என்றெல்லாம் அவரை வைத்துக்கொண்டே எப்படிச் சொல்வேன்? பெயர்கள் மறந்துபோனாலும் அவமானப்படுத்தினால் அவருக்குத் தெரிகிறது, முகம் சுருங்கிவிடுகிறது. அதனால் "கொஞ்சம் மறதி கூடியிருக்கு டாக்டர்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன், நீங்களும் அதையே எழுதிக்கொள்கிறீர்கள். வீட்டுக்குப் போகிற வழியிலேயே எல்லாம் மறுபடி தொடங்கிவிடுகிறது.

உங்களுக்குத் தெரியாததில்லை, இந்த நோயின் வரலாற்றிலேயே இது இருக்கிறது. 1901-ல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில், பின்னாளில் அல்சைமர் நோய்க்கே பெயரான டாக்டர் அலாய்ஸ் அல்சைமர் பார்த்த ஆகுஸ்டெ என்ற 51 வயதுப் பெண்ணுக்கு முதலில் தெரிந்த அறிகுறி என்று அவர் எழுதியது மறதியை அல்ல, கணவர் மேல் வந்த சந்தேகத்தை. பக்கத்தில் படுத்து எழுகிறவர்மேல்தான் பழி முதலில் விழுகிறது. அப்படிப் பழி சுமக்கிறவரையே நோயாளியை வைத்துக்கொண்டு சாட்சி சொல்லச் சொன்னால் உண்மை எப்படி வெளியே வரும்?

உண்மை வராவிட்டால் வைத்தியமும் தப்பாகத்தான் போகும். நேற்றுவரை ஓரளவு இருந்தவர் ஒரே நாளில் தலைகீழாக மாறினால் அது சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம், மலச்சிக்கலாக இருக்கலாம், சொல்லத் தெரியாத வலியாக இருக்கலாம். அந்த மாற்றத்தைப் பார்த்த ஒரே ஆள் நாங்கள்தான். ராத்திரி கத்துகிறார் என்று வாசலில் நின்று அவசரமாக ஒரு வார்த்தை சொன்னால் அடக்கிவைக்கிற மாத்திரை (ஆன்டிசைக்காட்டிக்) ஒன்று சீட்டில் சேர்கிறது. டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு இந்த வகை மருந்துகளால் உயிரிழப்பு அபாயம் கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-லேயே எச்சரித்திருக்கிறது. சில சமயம் அந்த மருந்து வேண்டித்தான் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் எதனால் கத்துகிறார், எந்த நேரத்தில், அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று உட்கார வைத்துக் கேட்டபிறகு எழுதுங்கள்.

அப்புறம் எங்களைப் பற்றி. பிள்ளைகள் பார்த்துக்கொள்வதும் வேறு, சம்பளத்துக்கு வருகிறவர் பார்த்துக்கொள்வதும் வேறு. நாங்கள் அவருக்குச் சமமாக வயதானவர்கள், எங்களுக்கும் முட்டிவலி, பிரஷர், சர்க்கரை எல்லாம் இருக்கிறது, அந்த உடம்போடுதான் அவரைத் தூக்கி உட்கார வைக்கிறோம். எங்களுக்கு ஷிஃப்ட் முடிவதில்லை. சாயங்காலமானால் அவருக்குப் பதற்றம் ஏறும், ராத்திரி பலமுறை எழுவார், ஒரு சின்னச் சத்தத்துக்கும் எனக்கு விழிப்பு வந்துவிடும். தூக்கம் கெட்டால் பொறுமை போகிறது, பொறுமை போனால் குரல் உயர்கிறது, குரல் உயர்ந்தால் அவருக்குப் பயம் கூடி அந்த ராத்திரி இன்னும் மோசமாகிறது.

அதைவிடப் பெரிது ஒன்று இருக்கிறது. இத்தனை வருஷமாக எந்தக் கஷ்டம் என்றாலும் அவரிடம்தான் சொல்வேன். இப்போது கஷ்டமே அவர்தான், அதைச் சொல்லவும் அவர் இல்லை. எதிரில் உட்கார்ந்திருக்கிறார், என்னிடமே "என் வீட்டுக்காரி எங்கே, அவளைக் கூப்பிடு" என்கிறார். அதற்கு என்ன பதில் சொல்வது என்று யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. நான்தான் அவள் என்று வாதாடினால் சண்டை வருகிறது, வாதாடாமல் பேச்சை மாற்றினால் அடங்குகிறார். இது நீங்கள் முதல் நாளே இரண்டு வாக்கியத்தில் சொல்லியிருக்கக்கூடிய விஷயம். துணையை இழந்தவர்களுக்கு ஆறுதல் சொல்ல நாலு பேர் வருவார்கள். எங்களுடைய இழப்பு கொஞ்சம் கொஞ்சமாக, ஆள் உயிரோடு இருக்கும்போதே நடக்கிறது. அதற்கு அழக்கூட நேரமும் இடமும் கிடைப்பதில்லை.

இதெல்லாம் மனக்குறை, மருத்துவத்துக்கு என்ன சம்பந்தம் என்று நினைக்காதீர்கள். ஷுல்ஸ், பீச் என்ற இருவர் 1999-ல் வெளியிட்ட ஆய்வில், துணையைப் பராமரித்து அதனால் மன அழுத்தத்துக்கு ஆளான முதியவர்கள் நான்கு ஆண்டுக்குள் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 63 சதவீதம் அதிகமாக இருந்தது. 1995-ல் வந்த இன்னொரு ஆய்வில், டிமென்ஷியா நோயாளியைப் பராமரிக்கும் பெண்களுக்கு ஒரு சின்னக் காயம் ஆறவே சராசரியாக 9 நாள் கூடுதலாக ஆனது. எங்களில் யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால் உங்கள் நோயாளியை யார் பார்ப்பது?

நேரம் ஒதுக்கினால் பலன் இருக்கிறது என்பதும் பரிசோதித்துப் பார்த்ததுதான். நியூயார்க்கில் 406 பேரை, எல்லோரும் நோயாளியின் கணவனோ மனைவியோதான், வைத்து நடத்திய ஆய்வின் முடிவு 2006-ல் வெளிவந்தது. அதில் பாதிப் பேருக்குக் கூடுதலாகக் கொடுத்தது எந்தப் புது மருந்தும் இல்லை. தனியாகவும் குடும்பத்தோடும் ஆறு முறை உட்கார்ந்து பேசினார்கள், ஆதரவுக் குழுவில் சேர்த்தார்கள், முடியாதபோது போன் செய்து பேச ஒரு ஆளைக் கொடுத்தார்கள். அவ்வளவுதான். அவர்களுடைய துணைகளைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்க்கும் நிலை மற்றவர்களைவிட ஒன்றரை வருஷம் தள்ளிப்போனது.

வெளியே எவ்வளவு கூட்டம் காத்திருக்கிறது என்று எங்களுக்கும் தெரியும், நாங்களும் அந்தக் கூட்டத்தில்தானே உட்கார்ந்திருக்கிறோம். உங்களால் முடியாவிட்டால் நர்ஸைக் கேட்கச் சொல்லுங்கள், நோயாளியை எடை பார்க்கக் கூட்டிப்போகிற நேரம் போதும். அல்லது நாங்கள் ஒரு தாளில் எழுதித் தருகிறோம், அவர் உள்ளே வருவதற்கு முன்னால் அதைப் படியுங்கள். அவருக்குப் பின்னால் அவரைப் பற்றிப் பேசுவது சரியா என்ற தயக்கம் உங்களுக்கு இருக்கும், எனக்கும் இருக்கிறது. "உங்க மனைவி உடம்பையும் கொஞ்சம் விசாரிக்கணும்" என்று அவரிடமே சொல்லிவிட்டுப் பேசுங்கள், அதில் பொய் ஒன்றும் இல்லையே. என்ன கேட்பது என்றால், எத்தனை மணிநேரம் தூங்குகிறீர்கள், அடி ஏதாவது பட்டதா, உங்கள் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்களா, இனி உங்களால் முடியுமா. இவ்வளவு கேட்டாலே போதும்.

முடியாது என்று ஒருநாள் நான் சொன்னால், நம்புங்கள். அவரைக் கவனிக்க ஆள் வைப்பதோ, கொஞ்ச நாள் ஓர் இல்லத்தில் விடுவதோ, அங்கேயே சேர்ப்பதோ துரோகம் இல்லை என்று நீங்கள் வாய்விட்டுச் சொல்லுங்கள். நாங்கள் சொன்னால் சலித்துக்கொள்கிறோம் என்று நினைப்பார்கள். பிள்ளைகள் யாராவது கூட வந்திருந்தால் அவர்களையும் உள்ளே அழைத்து, அவர்கள் காதுபடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நோயாளி ஒருவரின் மனைவி