கப்பலுக்கு மட்டும்தான் கண்ணீரா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2016 கப்பல் கட்டும் தொழிலின் சரிவு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் ஒரு வரி: ‘புத்தம் புதிய எண்ணெய்க் கப்பல் எடுத்துப்போக ஆளில்லாமல் நின்ற காட்சி நெஞ்சை உருக்கியது.’ உருகட்டும். அப்படி நின்ற ஒரு கப்பலுக்குள் மண்டி போட்டு வெல்டிங் அடித்தவன் நான். நான்கு பக்கக் கட்டுரையில் ஒரு தொழிலாளிகூட இல்லை. கப்பல் தானாகவே முளைத்துவிட்டது போலிருக்கிறது.

2012-ல் மூன்று வட்டிக்குக் கடன் வாங்கி, ஏஜெண்டுக்கு இரண்டரை லட்சம் கொடுத்து, சிங்கப்பூர் துவாஸ் பக்கம் கப்பல் கட்டும் ஒரு யார்டுக்குப் போனேன். எண்ணெய்க்காகக் கடலில் துளை போடும் ரிக்குகளுக்கு டீசல் கொண்டுபோகும் சின்ன டாங்கர் அங்கே கட்டினோம். டாங்கருக்கு இரட்டைச் சுவர். இரண்டுக்கும் நடுவே பாலஸ்ட் டாங்க், கப்பல் ஆடாமல் நிற்கக் கடல்தண்ணீர் நிரப்பும் தொட்டி. மேன்ஹோலில் ஒரு தோளை முதலில் நுழைத்து, மறு தோளை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். உள்ளே ஆபத்தான வாயு இல்லை என்று கேஸ் டெஸ்ட் முடிந்து அனுமதிச் சீட்டு தொங்கினால்தான் வெல்டிங் ஹோல்டரைத் தொடலாம். காற்றடிக்கும் புளோயர் ஓடினாலும் புகை போகாது. ராத்திரி ரசத்தில்கூட இரும்பு வாசனைதான் அடிக்கும்.

2014 நடுவில் பீப்பாய் 100 டாலருக்கு மேல் விற்ற கச்சா எண்ணெய், 2016 ஜனவரியில் 30-க்குக் கீழே போனது. உடனே டாங்கர்கள் எல்லாம் படுத்துவிட்டதாக உங்கள் கட்டுரையாளர் முடிவு கட்டிவிட்டார். எண்ணெய் மலிந்தால் வாங்கிக் குவிப்பார்கள். 2015-ல் பெரிய டாங்கர்களுக்கு நல்ல வாடகை கிடைத்தது. படுத்தது ரிக் வேலை. சிங்கப்பூர் யார்டுகளுக்குச் சோறு போட்டதே அதுதான். தங்களுக்குத் தெரியாததா! ரிக் இல்லையென்றால் டீசல் யாருக்கு? எங்கள் டாங்கரை எடுக்க, ஆர்டர் கொடுத்தவர் வரவில்லை. ஒரு சொட்டு எண்ணெய் ஏற்றாத கப்பலில் ஏழு மாதம் துரு சுரண்டிப் பெயிண்ட் அடித்தோம்.

2016 சிங்கப்பூர் பட்ஜெட்டில் கப்பல் துறைக்கு லெவி, அதாவது வெளிநாட்டுத் தொழிலாளிக்காக முதலாளி அரசுக்குக் கட்டும் பணம், உயர்வதைத் தள்ளிவைத்தார்கள். முதலாளிகளுக்கு மூச்சு வந்தது. என் வட்டியை யாரும் தள்ளிவைக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் சூப்பர்வைசர் பதினொரு பேரின் பெயரை வாசித்தார். என் வொர்க் பெர்மிட் அந்தக் கம்பெனிக்கு மட்டும்தான் என்பதால் வேறு யார்டுக்குத் தாவ வழியில்லை. அடுத்த வாரம் திருச்சியில் இறங்கினேன். ‘சிங்கப்பூர்க்காரருதானே, நூறு சேத்துக் குடுங்க’ என்றார் ஆட்டோக்காரர்.

அவரையாவது மன்னிக்கலாம். 2013-ல் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் கலவரம் நடந்தபோது எங்களைப் ‘படிப்பறிவில்லாத கூலிகள்’ என்று எழுதியது தங்கள் பத்திரிகைதானே? நான் ஐ.டி.ஐ. முடித்தவன். அன்று எழுதிய கடிதம் பிரசுரமாகவில்லை; இடமில்லாமல் இருந்திருக்கும். ‘சிங்கப்பூர் மாப்பிள்ளை’ ஜோக்குக்கு மட்டும் வருஷா வருஷம் பொங்கல் மலரில் இடம் இருக்கிறது. 2020-ல் அங்கே தொழிலாளர்கள் தங்கும் டார்மிட்டரிகளில் கொரோனா பரவியபோதும் எண்ணிக்கையை மட்டும் போட்டீர்கள்.

போகட்டும். கட்டுரையோடு போட்ட படம் எண்ணெய்க் கப்பலே அல்ல. டெக்கில் வரிசையாகப் பெரிய மூடிகள் தெரிகின்றன. அது நிலக்கரியோ தானியமோ ஏற்றும் கப்பல். டாங்கர் என்றால் டெக் முழுக்கக் குழாய் ஓடும், நடுவில் ஹோஸ் தூக்கும் கிரேன் நிற்கும். அடுத்த இதழில் ஒரு வரித் திருத்தம் போட்டால் போதும்.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் வெல்டர்,
அறந்தாங்கி.